எந்துக்கு அக்கா

வேண்டாம் என்பவரிடம் ஏன் என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சரி என்பவரிடமும் ஏன் என்று கேட்ட ஒருவரை மட்டுமே நான் கண்டிருக்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டியில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, ஓர் உரக்கடையின் மாடியில் அவர் இணைய இணைப்பு தரும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தினார். மதியத்துக்கு எல்லாருக்கும் லெமன் சாதம் சொல்லிவிடலாமா என்று யாராவது கேட்டு நாங்கள் தலையாட்டினால், "சரி. எந்துக்கு சரி?" என்பார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மற்ற எல்லாவற்றையும் எங்களைப் போலவே தமிழில் பேசுபவர், ஏன் என்பதை மட்டும் எந்துக்கு என்றே கேட்பார். கம்பம் ஏறும் ஆட்கள் அவர் இல்லாதபோது அவரை எந்துக்கு அக்கா என்றார்கள். அது அவருக்குத் தெரியும். யார் பெயர் வைத்தது என்று அவர் விசாரித்ததில்லை. எந்துக்கு வைத்தார்கள் என்றுதான் ஒருமுறை கேட்டார்.

"காரணம் இல்லாத சரி பாதி வழியில கழண்டுக்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. கேபிளைக் கம்பத்தில் கட்டும் கவ்வியைப் பற்றிச் சொல்வதுபோல அதைச் சொல்வார்.

நான் அவரை முதலில் பார்த்தது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில். கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க இரண்டு நாள்களே மீதமிருந்தன. எங்கள் வீட்டு இணைப்பில் அந்தத் தளம் திறக்க மறுத்தது; உங்கள் முகவரியிலிருந்து அளவுக்கு மீறிய முயற்சிகள் வந்துள்ளன, பிறகு வரவும் என்றது. நான் ஒரே ஒரு முறைதான் முயன்றிருந்தேன். அலுவலகத்துக்குப் போய் வாசலில் நின்றேன். பேசுவதைவிட நின்றிருப்பது எனக்கு எளிது. அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "சொல்லுங்க, எந்துக்கு நிக்கறீங்க?" என்றார். சொன்னேன்.

"இன்டர்நெட்டுல உங்க வூட்டுக்குன்னு தனி நம்பர் கிடையாதுங்க. உங்க தெரு, பக்கத்துத் தெரு, மலையடிவாரத்துல ரெண்டு ஊரு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே நம்பர். அந்தப் பக்கம் இருக்கற மெஷினுக்கு இது நூறு வூடுன்னு தெரியாது. ஒரே ஆளு நூறு வாட்டி கதவைத் தட்டறான்னு நெனச்சுக்குது."

அவருடைய கைப்பேசியிலிருந்தே விண்ணப்பித்தேன். முடித்தபின், தனி எண் ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. யாரோ தன் பிள்ளையைப் பற்றி நலம் கேட்டதுபோல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய வகை எண்கள் உலகெங்கும் தீர்ந்துவிட்டன, கொஞ்சமே மிச்சம். புது வகை எண்கள் ஏராளம் உண்டு, ஆனால் பிள்ளைகள் போய் முட்டும் தளங்களில் பல இன்னும் பழைய எண்ணில்தான் பேசுகின்றன. மிச்சமிருப்பதை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்ற விதியை அரசாங்கம் எழுதுவதில்லை. எந்தக் கம்பெனியும் எழுதுவதில்லை. பல நாட்டுக்காரர்கள் ஒரு மின்னஞ்சல் பட்டியலில் பேசிப் பேசி எழுதுகிறார்கள். மின்னஞ்சல் உள்ள எவரும் அதில் சேரலாம்.

"ஓட்டுப் போடுவாங்களா?" என்றேன்.

"ஓட்டே கிடையாதுங்க. வேண்டாங்கறவன் எதுக்கு வேண்டாம்னு சொல்லணும். அதுக்கு மத்தவங்க பதில் சொல்லணும். பதில் இல்லைன்னா விதி நிக்காது. நூறு பேரு சரின்னாலும் நிக்காது."

அந்தப் பட்டியலில் நான்கு ஆண்டுகளாக அவர் வாசித்துக்கொண்டிருந்தார், எழுதியது குறைவு. பாலிடெக்னிக்கில் படித்த ஆங்கிலம் அவருக்கு வாசிக்கப் போதும், வாதாடப் போதாது. நான் தருமபுரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்த பிறகு, வாரத்தில் மூன்று பிற்பகல் எனக்கு வேலை கொடுத்தார். அவர் தமிழில் சொல்வார். நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். அவர் சொல்லும்போது அறையில் நடப்பார். ஜன்னலருகே வரும்போதெல்லாம் கீழே நிற்கும் பேருந்தைப் பார்த்து, அது யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டவர்போலத் திரும்புவார்.

அந்த முறையை அவர் பட்டியலோடு நிறுத்தவில்லை. சுற்று வட்டாரக் கேபிள்காரர்கள் ஒன்பது பேர் கூடி ஒரு பொதுக் கம்பி இழுக்கத் திட்டமிட்டார்கள். வாய்க்கால் கரையோரம் போனால் தூரம் குறைவு. சாலையோரம் போனால் அதிகம். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். கரை என்று எட்டுக் கைகள் உயர்ந்தன. "கையை இறக்குங்க, வலிக்கப் போவுது" என்றார் அக்கா. உயராத ஒரு கைக்கு உரியவர், அடிவாரத்து ஊர் ஒன்றில் கேபிள் வைத்திருந்த பெரியவர். பேசாமல் போண்டாவைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்துக்குத் தூக்கல?"

"எட்டுப் பேரு தூக்கிட்டாங்க. நான் தூக்கி என்னம்மா ஆவப்போவுது."

"அது காரணம் இல்லீங்க. எந்துக்கு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "வருசா வருசம் ஜேசிபி வந்து அந்த வாய்க்கால தூர் வாருது. நீங்க பொதச்ச கம்பிய அது மாலையாட்டம் தூக்கிட்டுப் போயிரும்."

எட்டுப் பேரில் எவருக்கும் பதில் இல்லை. கம்பி சாலையோரம் போவதென்று முடிவாயிற்று. "அப்போ நாங்க எட்டுப் பேரு எதுக்கு வந்தோம், போண்டா திங்கவா?" என்றார் ஒருவர். "அதுவும் ஒரு காரணந்தான்" என்றார் அக்கா.

இதையெல்லாம் நான் வியந்துதான் பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்வி ஒருவர்மேல் எவ்வளவு பாரமாக இறங்கும் என்பதையும் அதே மாடியில்தான் பார்த்தேன்.

மாதையன் எங்கள் கம்பம் ஏறும் ஆட்களில் மூத்தவர், முப்பத்தாறு வயது, அடிவாரத்து ஊர்க்காரர். அந்தப் பக்கத்துக் கம்பங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை வந்து நின்றார்.

"யக்கா, வியாழன் வெள்ளி ரெண்டு நாளு லீவு வேணுங்க."

"எடுத்துக்க. எந்துக்கு?"

"வேலை இருக்குதுங்க."

"என்ன வேலை?"

"என் வேலைங்க."

"வியாழக்கெழம அடிவாரத்துல கம்பி இணைக்கற வேலை கெடக்குது மாதையா. காரணம் தெரியாம நான் எப்படி முடிவு பண்றது?"

மாதையன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "உங்க மெயில்காரங்க கேட்டா சொல்லுவாங்கக்கா. நான் கம்பம் ஏறறவன்" என்றார். இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். திரும்பி வரவில்லை.

அன்று மாலைவரை அக்கா பட்டையைத் தொடவில்லை. "நான் கேட்டது தப்புங்களா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஒரு கருத்து இருந்தது; சொல்லவில்லை. "சும்மா இருக்கறது பதில் இல்லீங்க" என்றார். அதற்கும் சும்மா இருந்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பட்டியலில் ஒரு புது முன்மொழிவு வந்தது. மிச்சமிருக்கும் எண்களைக் கேட்பவர், இரண்டு வெவ்வேறு பெரிய நிறுவனங்களிலிருந்து தமக்கு இணைப்பு வருவதாகக் காட்ட வேண்டும் என்றது அது. ஏதோ ஒரு தீவு நாட்டுக்காரர் எழுதியது. காகிதத்தில் மட்டும் நிறுவனம் தொடங்கி, எண்களை வாங்கி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது அவர் காரணம். "நல்ல காரணம்" என்றுதான் அக்கா முதலில் சொன்னார். பிறகு ஜன்னலருகே போய் வெகுநேரம் நின்றார். எங்களுக்கான எண்களைக் கேட்டு விண்ணப்பிக்க அவர் ஓராண்டாகக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வருவது ஒரே கம்பி.

"ரெண்டாவது கம்பெனிய வரச் சொன்னா, சொந்த நம்பர் வெச்சிருக்கியாங்கறான். நம்பர் கேட்டா, ரெண்டாவது லைன் வெச்சிருக்கியாங்கப் போறாங்க. நாம எந்தக் கதவைத் தட்டறது?" என்றார்.

விதி நிறைவேறினால் அடிவாரத்து வீடுகள் ஒரே எண்ணில் கிடக்க வேண்டியதுதான். எதிர்ப்பு எழுத உட்கார்ந்தோம். ஆதாரத்துக்காக அவர் புகார் நோட்டைப் புரட்டினார். தேர்வுக் காலத்துப் பக்கம் ஒன்றில், தொலைபேசி எடுக்கும் பெண்ணின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: மாதையன் வூடு, ஹால் டிக்கெட் எறங்கல.

"மாதையனோட பெரிய புள்ளை எத்தனாவது படிக்குது?"

"மூணாவதுங்க" என்றேன்.

அந்த வரிக்குரிய தேதி, அவர் விடுப்புக் கேட்ட திங்களுக்கு முந்திய சனிக்கிழமை. அந்த வாரம் நடந்தது பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு. அக்கா நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு நடக்கத் தொடங்கினார்.

"எழுதுங்க. எங்க ஊருக்கு ஒரே கம்பி. மலையடிவாரத்துக்குப் போற ரோட்டோரமா போவுது. காட்டுப்பன்னி கம்பத்தோட அடியத் தோண்டிப் போடுது. புளியமரத்துக் கெளை ஒண்ணு விழுந்தா ரெண்டு ஊரு துண்டாயிருது. ரெண்டாவது கம்பெனியோட கம்பி ஹைவேஸோட நின்னு போச்சு. இந்தக் கம்பத்தை நிமுத்தற ஆளு முப்பத்தாறு வயசுல பத்தாங்கிளாஸ் பரிட்சை எழுதறான். அவன் இழுத்த லைன்ல அவனோட ஹால் டிக்கெட் எறங்கல. எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து ஆங்கிலமாக்கினேன். பட்டியலில் மற்றவர்கள் எழுதியிருந்தவற்றைக் கூடவே திறந்து வைத்திருந்தேன். எண்ணிட்ட பத்திகள், அளந்த சொற்கள். எவருடைய கடிதத்திலும் பன்றி இல்லை. முதலில் பன்றியை எடுத்தேன். பிறகு புளியமரம். அவை போன பின் பரிட்சை தனியாக நின்றது, அதையும் எடுத்தேன். ஹைவேஸோடு நின்றுபோன கம்பியும் அந்தப் பத்தியோடு போயிற்று. இரண்டு வாக்கியங்கள் மிஞ்சின: இம்முன்மொழிவை எங்கள் நிறுவனம் எதிர்க்கிறது. ஊர்ப்புறத்துச் சிறு நிறுவனங்களை இது பாதிக்கும். படிக்க நேர்த்தியாக இருந்தது. மறுநாள் அக்கா அலுவலகத்தில் இல்லை. மாதையன் இல்லாததால், அறுந்த கம்பியைப் பார்க்க அவரே அடிவாரத்துக்குப் போயிருந்தார். தொலைபேசியில், "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும், அனுப்பிடுங்க" என்றார். அந்த ஒரு சரிக்கு அவர் காரணம் கேட்கவில்லை.

முன்மொழிவைப் பேசும் திறந்த கூட்டம் ஒரு நண்பகலில் நடந்தது, கணினியில் பார்த்தோம். தலைமை வகித்தவர் எதிர்ப்புகளை வாசித்தார். மின்னஞ்சலில் ஒன்று வந்திருக்கிறது, பாதிக்கும் என்கிறது, எப்படி என்று சொல்லவில்லை என்றார். அரங்கில் வேறு எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டுக் காத்திருந்தார். பிறகு, இணக்கம் எட்டப்பட்டது என்று அறிவித்தார். ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "எப்படின்னு எழுதினோமே?"

"எடுத்துட்டேங்க."

"எந்துக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். மறுபடி கேட்க அவர் வாய் திறந்தது தெரிந்தது. மூடிக்கொண்டார்.

"சொல்ல முடியலைன்னா, சொல்ல முடியலைன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும். மாதையன்கிட்ட இப்படிக் கேக்கத் தெரியாமப் போச்சு எனக்கு."

எழுந்து தண்ணீர்ப் பானையருகே போனார். எனக்கு முதுகு காட்டி நின்று, குடித்து முடித்த டம்ளரை நிதானமாகக் கழுவினார். நான் எழுந்து போயிருக்கலாம். அவர் கேட்டிருந்தால் போயிருப்பேன்.

"வெக்கமா இருந்துச்சுங்க" என்றேன். "பன்னி, புளியமரம், பத்தாங்கிளாஸ். அவங்கள்ல யாரும் அப்படி எழுதலீங்க."

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "இது காரணம்" என்றார். "இதையும் சேர்த்து எழுதுங்க."

கூட்டத்துக்குப் பிறகு, விடுபட்ட ஆட்சேபணைகளுக்காகச் சில வாரங்கள் தருவது அங்கே வழக்கம். இம்முறை என் பெயரில் எழுதச் சொன்னார். ஆனால் எழுதத் தொடங்குமுன் என்னை நிறுத்தினார். "பரிட்சை விஷயம் அவனுது. அவனைக் கேக்காமயே உங்ககிட்டச் சொல்லிட்டேன். நீங்க எடுத்ததுல அது ஒண்ணு சரியாப் போச்சு." பாதுகாப்புப் பட்டையை ஸ்கூட்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வெயில் தாழ்ந்தபோது அடிவாரத்துக்குப் போனார்.

மாதையனின் மனைவி வாசலில் மஞ்சள் கிழங்கைப் பரப்பிக்கொண்டிருந்தார். "ஏங்க, எந்துக்கு அக்கா வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாதையன் வெளியே வந்தார். வாங்க என்றார்.

"மாதையா, கம்பத்தையெல்லாம் போட்டோ எடுக்கணும். எது எப்போ சாஞ்சுதுன்னு எழுதணும். கூட வர்றியா?"

"எந்துக்குங்க?" என்றார் மாதையன், சிரிக்காமல்.

அக்கா அதை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "ரெண்டு காரணம். ஒண்ணு, அந்தக் கம்பங்க உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ரெண்டு, அன்னிக்கு நான் விடாம கேட்டது தப்பு."

"ஒண்ணு போதுங்க."

"எது?"

"ரெண்டாவது."

பட்டையை வாங்கிக்கொண்டார். அதன்பின் அக்கா பரிட்சை விஷயம் தமக்குத் தெரியும் என்றும், எப்படித் தெரிந்தது என்றும் சொன்னார். அதை எழுதலாமா என்று கேட்டு, பெயர் வராது என்றும் சொன்னார். மாதையன் வெகுநேரம் பட்டையின் கொக்கியை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாட்டுக்காரன் படிப்பான்?"

"நெறைய."

"நம்மூருக்காரன்?"

"ஒருத்தனும் இல்ல."

"அப்ப எழுதுங்க. கணக்குல போச்சுன்னும் எழுதுங்க. மத்ததெல்லாம் பாஸுன்னும் எழுதுங்க."

எழுதினேன். பன்றி தோண்டிய குழியின் படம், சாய்ந்த கம்பத்தில் அவர் சாய்ந்து நிற்கும் படம், ஹைவேஸோரம் சுருட்டித் தொங்கவிட்ட இரண்டாம் கம்பியின் படம், எல்லாம் வைத்தோம். முதல் கடிதத்தில் இவை ஏன் இல்லை என்பதற்கு ஒரு வாக்கியம் சேர்த்தேன். அந்த வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

முதலில் பதில் எழுதியவர் அந்தத் தீவுக்காரர்தான். தாம் இப்படியோர் ஊரை நினைக்கவில்லை என்றார். மலைநாடு ஒன்றிலிருந்து ஒருவர், எங்களுக்குப் பன்றி இல்லை, மண்சரிவு என்றார். அறிவித்த இணக்கத்தைத் தலைமை திரும்பப் பெற்று, முன்மொழிவைப் பட்டியலுக்கே அனுப்பியது. திருத்திய வடிவம் வர மாதங்கள் ஆயின. இரண்டாம் கம்பி இல்லாத ஊர்க்காரர் அதைப் படத்தோடு காட்டினால் எண்கள் கிடைக்கும். ஆனால் பாதி அளவு. இரண்டு ஆண்டுக்குள் இரண்டாம் கம்பி வராவிட்டால் திருப்பித் தர வேண்டும். அக்கா கேட்டது முழு அளவு; கெடு இல்லாமல். கெடு இல்லையென்றால் காகித நிறுவனங்களும் இதே படத்தைக் காட்டி உட்கார்ந்துவிடும் என்றார்கள். அவர் மூன்று நாள் யோசித்தார்.

இரண்டாம் கூட்டத்தன்று கணினிமுன் மூவர் இருந்தோம். மாதையன் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஆட்சேபணை உண்டா என்று தலைமை கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அக்கா பொத்தானை அழுத்துமுன் எங்களைப் பார்த்தார். "உங்களுக்கு?"

"எனக்கு இருக்குதுங்க" என்றார் மாதையன். "டீ இன்னும் வர்ல."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இல்லீங்க" என்றேன்.

"எந்துக்கு இல்ல?"

"கேட்டதுல பாதிதான் வந்திருக்குதுங்க. ஆனா மீதி ஏன் தர முடியாதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. அதுக்கு நம்மகிட்டப் பதில் இல்லீங்க."

அந்த மாடியில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். அவர் தலையசைத்துவிட்டு, ஆதரவு என்ற பொத்தானை அழுத்தினார்.

எண்கள் வந்தன. அடிவாரத்து ஊர்களுக்குத்தான் முதலில் பிரித்துக் கொடுத்தார். நான் மேற்படிப்புக்குச் சேலம் புறப்படுவதற்கு முந்திய மாதம் அது. இரண்டாம் கம்பி அப்போதும் ஹைவேஸைத் தாண்டவில்லை, கெடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலை மாதையன் மாடியேறி வந்தார்.

"யக்கா, வியாழக்கெழம ஒரு நாளு லீவு வேணுங்க."

"எடுத்துக்க" என்றார் அக்கா, கணினியிலிருந்து கண்ணெடுக்காமல்.

மாதையன் வாசல்வரை போனார். அங்கே நின்றார். கொஞ்சம் காத்திருந்தார்.

"எந்துக்குன்னு கேக்கலீங்களாக்கா?"

"இல்ல."

"கணக்குங்க" என்றார் மாதையன்.